இடது ஷூ

மார்ச் 4, செவ்வாய்

ஒலிப்பதிவு, முதல் நாள். பதினொரு வருஷமாக நானும் பார்ட்னரும் சேர்ந்து ஜாஸ் வாசிக்கிறோம். அவர் சாக்ஸபோன். நான் என்னைவிட உயரமான தந்தி வாத்தியம், டபுள் பேஸ். டிரம்ஸ் கிடையாது, தாளம் என் பொறுப்பு என்று போகிற இடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வேன். இப்போதுதான் முதல் ஆல்பம். மூன்று நாள் ஸ்டுடியோ கிடைத்திருக்கிறது.

காலையில் இரண்டு பாட்டு முடிந்தது. மைக்கில் டொக் டொக்கென்று ஏதோ விழுகிறது என்றார் ஒலிப்பதிவாளர். தேடினால், தாளம் தட்டும் என் இடது ஷூ. கழற்றச் சொன்னார். இரண்டையும் கழற்றினேன்.

மதியத்துக்குப் பிறகு பார்ட்னர் எந்தப் பாட்டையும் முழுசாக வாசிக்கவில்லை. பாதியில் தடுமாறி நிறுத்திவிடுகிறார். உடம்பு சரியில்லை போல.

மார்ச் 5

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே பாட்டை ஒன்பது தடவை எடுத்தோம். ஒன்பதும் குப்பை. அவரை இழுத்துப் பிடிக்கிறேன் என்று அழுத்தி வாசித்து எனக்கு விரலெல்லாம் கொப்புளம். கடைசியில் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்த ஷூவப் போட்டுக்கயேன். நான் அதக் கேட்டுத்தான் வாசிப்பேன்."

"அப்போ பேஸ்?"

"அதுவும் கேக்கும். நல்லாதான் இருக்கும்."

நல்லாதான் இருக்குமாம்! பதினொரு வருஷம் நான் விரலைத் தேய்த்தது எதுக்கு? இந்தாளு காலைக் கேக்கறதுக்கா? வேற ஆளப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஷூ போடாமலே வந்திருக்கிறேன். வீட்டு வாசலில்தான் தெரிந்தது.

மார்ச் 6

போகவில்லை. மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். "உங்க கால் சத்தத்தையாவது ஒருத்தர் பதினொரு வருஷம் காது குடுத்துக் கேட்டிருக்காரு. நான் பத்தொம்பது வருஷமா வாயால பேசறேன், அதக் கேக்கத்தான் ஆளில்ல" என்றாள். வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

மார்ச் 7

அவர் போன் பண்ணவில்லை. நான் ஏன் பண்ணணும்?

மார்ச் 9, ஞாயிறு

எடுத்தது எல்லாவற்றையும் ஒலிப்பதிவாளர் அனுப்பியிருந்தார். பார்ட்னர் எங்கெங்கே சொதப்பினார் என்று எழுதி அனுப்பிவிட்டு உறவை முடித்துக்கொள்ளலாம் என்று காகிதம் பேனாவோடு உட்கார்ந்தேன். பக்கத்தில் தாளம் பிசகாமல் தட்டிக்காட்டும் மெட்ரோனோம்.

முதல் நாள் காலையில் எடுத்த இரண்டும் பிசகவே இல்லை.

வெறுங்காலோடு எடுத்த ஒன்பதிலும் ஓடுவது நான். நாலாவது சுற்றிலேயே வேகம் ஏறுகிறது. பாவம், அவர் துரத்திக்கொண்டே வருகிறார். இனி முடியாது என்கிற இடத்தில் நிறுத்துகிறார்.

மெட்ரோனோமுக்குப் புது பேட்டரி போட்டுப் பார்த்தேன். மெட்ரோனோம் நன்றாகத்தான் இருக்கிறது.

தாளம் உன்னிடம் இல்லை, உன் ஷூவில் இருக்கிறது என்று அந்த மனுஷன் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். ஒலிப்பதிவாளர் பக்கத்திலேயே நின்றார். அதனால்தான் குறையைத் தன் காதின் மேல் போட்டுக்கொண்டார். வெட்கமாக இருக்கிறது. அழுதேன். எழுதுவதற்கென்ன, யார் படிக்கப்போகிறார்கள்.

மார்ச் 10

அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு கேட்க நாலு வாக்கியம் தயார் செய்திருந்தேன். வாசலில் அவர் செருப்புகளோடு என் ஷூவும் இருந்தது, பாலிஷ் போட்டு. நாலு வாக்கியமும் மறந்துவிட்டது. "அடுத்த மாசம் ஸ்டுடியோ கேட்டிருக்கேன், வருவல்ல?" என்றார். வருவேன் என்றேன்.

ஏப்ரல் 2

அதே ஸ்டுடியோ, அதே ஒலிப்பதிவாளர். மறுபடியும் ஷூவைக் கழற்றச் சொன்னார்.

பார்ட்னர் முந்திக்கொண்டார். "அது இருக்கட்டுங்க. எனக்கு வேணும்."

"ஆமாங்க. அவருக்கு அது இல்லாம வராது" என்றேன்.

பார்ட்னர் தலையாட்டினார். முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது.