அச்சில் வெட்டிய முள்கரண்டி

மார்ச் 4

என் வேலை முகர்வது. இரண்டு பட்டம் வாங்கிய மூக்கு. எங்கள் தொழிற்சாலையில் செய்யும் குழந்தைகளுக்கான பிளாஸ்டிக் பால் கப்பில் கொதிநீர் ஊற்றி, மூடி, காத்திருந்து, திறந்து, மூக்கை வைக்க வேண்டும். வாசனை இல்லையென்றால் கப் பிழைத்தது.

இன்றைய நீலக் கப்பில் பெயின்ட் நெடி. முதலாளியிடம் சொன்னேன்.

"ஜலதோஷமாம்மா? ஆவி பிடி, சரியாயிடும்."

ஆவியில்தான் சார் தெரிந்தது. மனசுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த கப்பை எடுத்தேன்.

மார்ச் 5

அரவை இயந்திரத்தின் பக்கம் போய்ப் பார்த்தேன். பழைய பெயின்ட் வாளிகள். உள்ளே காய்ந்த பச்சை இன்னும் ஒட்டியிருக்கிறது. அதை அரைத்து, புது பிளாஸ்டிக் மணிகளோடு கலந்து — கப்புக்கு. முதலாளியிடம் கேட்டேன்.

"வாளிக்கு அடியிலயும் முக்கோணத்துக்குள்ள அஞ்சு, கப்புக்கு அடியிலயும் அஞ்சு. ஒரே ரகம்தானே? உருக்கினா எல்லாம் சுத்தமாயிடும்."

அந்த எண் எந்த வகை பிளாஸ்டிக் என்று சொல்லும். முன்பு அதற்குள் என்ன இருந்தது என்று சொல்லாது. சூடு, பாலின் கொழுப்பு, இரண்டும் சேர்ந்தால் உள்ளே இருப்பதை இழுத்து வெளியே கொண்டுவரும். இதைச் சொன்னேன். எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"படிச்ச மூக்கு. கொஞ்சம் நீளம்தான்."

மார்ச் 6

பாக்கிங்குக்கு மாற்றிவிட்டார்.

மார்ச் 9

ஒவ்வொரு கப்பின் அடியிலும் ஒரு கோப்பை, ஒரு முள்கரண்டி. உணவுக்கு உகந்தது என்ற குறி. நாள் முழுக்க அதையே பார்க்கிறேன். இரும்பு அச்சிலேயே வெட்டியிருக்கிறார்கள். எதை உருக்கி ஊற்றினாலும் அதோடுதான் வெளியே வரும். குப்பையை ஊற்று — முள்கரண்டி. விஷத்தை ஊற்று — முள்கரண்டி.

யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. அச்சு பார்த்துக்கொள்கிறது.

மார்ச் 11

பாக்கிங் அக்கா முதலாளிக்கு வைத்திருக்கும் பெயர் எவர்சில்வர். சாப்பாடு எவர்சில்வர் அடுக்கில். தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில். "அந்தாளு கிட்ட பிளாஸ்டிக்குன்னா அந்தக் கட்டுப் பல்லு ஒண்ணுதான்டி" என்றாள். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பிறகு சிரிப்பு நின்றது.

தெரியும். அந்த ஆளுக்குத் தெரியும்.

மார்ச் 12

விடமாட்டேன்.

மார்ச் 15

குழந்தைகள் காப்பகங்களுக்கு மொத்தமாக வாங்கும் அம்மாள் நாளை மறுநாள் வருகிறார். வந்தவர்களுக்கு டீ கொண்டுபோவது பாக்கிங் ஆட்களின் வேலை. அதாவது என் வேலை.

புகார் எழுதலாம். எழுதுவேன். ஆனால் புகார் அவரை வியர்க்க வைக்காது. வியர்ப்பதை நான் பார்க்க வேண்டும். பக்கத்தில் நின்று. ஏன்டி உனக்கு இவ்வளவு வெறி? தெரியல. நினைச்சாலே இனிக்குது.

மார்ச் 17

நீலக் கப்பில் கொதிக்கக் கொதிக்கப் பால். மூடி, ஊறவிட்டு, கொண்டுபோய் முதலாளி முன்னால் வைத்தேன். எதிரே வாங்க வந்த அம்மாள். முதலாளிக்குப் பக்கத்தில் அவர் மகள். விற்பனையைக் கவனிப்பவள், ஏழு மாதக் கர்ப்பம்.

"நம்ம கப்புதானே. முதல்ல நீங்க, சார்."

"எனக்குப் பால் ஒத்துக்காதும்மா."

"ஒரே ஒரு வாய், சார்."

வியர்த்தது. நெற்றியில், மூக்கின் மேல். பார்த்தேன்.

"என்னப்பா நீங்க, சின்னப் புள்ள மாதிரி! குடுங்க, நான் குடிக்கிறேன்." மகள் எடுத்துவிட்டாள்.

நான் சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கப் அவள் உதட்டைத் தொடும்போது தட்டிவிட்டார். சுவரெல்லாம் பால்.

"ஏன் தட்டினீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார். உருண்டு வந்த கப்பைக் குனிந்து எடுத்தார். முகர்ந்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மகள் என்னைப் பார்த்தாள். அப்பாவை அல்ல.

மார்ச் 18

ஜெயிச்சுட்டேன். ஜெயிச்சுட்டேன்ல? அவர் தட்டாம இருந்திருந்தா —

ஏப்ரல் 20

எவர்சில்வர் இப்போது வருவதில்லை. மகள்தான் நடத்துகிறாள். பெயின்ட் வாளிகள் போய்விட்டன. நான் கட்டிய நீலக் கப்புகள் குப்பைத்தொட்டி செய்கிறவனுக்குப் போயின. இன்று என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

"உன் மூக்கு வேணும்."

பழைய மேசை. கொதிநீர். மூடினேன், காத்திருந்தேன், திறந்தேன். வெறும் ஆவி. நன்றாக இருக்கிறது என்றேன். தலையசைத்தாள்.

அவளே டீ கொண்டுவந்தாள். இரண்டு எவர்சில்வர் தம்ளர். ஒன்றை என் பக்கம் நகர்த்தினாள். தன்னுடையதைத் தொடவில்லை.

"முதல்ல நீ."

குடித்தேன். நான் விழுங்கும்வரை என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் தன் தம்ளரை எடுத்தாள்.