பூக்க விடாத வேலி

சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையிலிருந்து சீமைக்கிளுவைக் குழையின் வாடை போகவில்லை. உங்கள் சேலையில் எப்போதும் இருந்த அதே பச்சை வாடை.

இடம்பெயர்ந்து மீண்டும் சாம்பல்தீவுக்கு வந்த வருடம், முதல் மாரி மழையோடு, நம் இரு வளவுகளுக்கும் நடுவே ஆளுக்கொரு பக்கம் நின்று சீமைக்கிளுவைக் கொம்புகளைக் கதியாலாக நட்டு வேலி போட்டோம். ஓர் ஆள் சரிந்து நுழையுமளவுக்கு நீங்கள் நடுவில் ஒரு பொட்டு விட்டீர்கள். "வாசல் படலையால சுத்திவர எனக்கு நேரமில்லை, டீச்சர்." இதன் வேர் நைதரசனைப் பிடித்து மண்ணை வளப்படுத்தும் என்று, பல்கலைக்கழகத்தில் படித்ததை நான் சொன்னேன். "மண்ணுக்குக் குடுக்கிறதைக் குடுக்கட்டும். என்ட ஆடுகளுக்குக் குழை காணுமோ, அதைச் சொல்லுங்கோ."

காணத்தான் செய்தது, குறைவே வரவில்லை. விடிந்தால் உங்கள் கத்திச் சத்தம் கேட்கும். பின்னேரம் பொட்டால் ஆட்டுப்பாலும் ஊர்க்கதையும் வரும். உங்கள் பின்னாலேயே ஓர் ஆடும் வரும். "தள்ளி நில்லடி, டீச்சர் மூக்கைப் பொத்துறா" என்று அதை அதட்டுவீர்கள், என்னைப் பார்த்துச் சிரித்தபடி.

நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வராமல் போன பிறகு வேலியை ஒருவரும் வெட்டவில்லை. கிளைகள் கூரைக்கு மேலே போயின. மாரி முடிந்ததும், முதல் தடவையாக இலை முழுவதும் கொட்டிற்று.

உங்கள் கணவர் வந்தார். "வேலி பட்டுப்போச்சு, டீச்சர். மதில் கட்டுவம்."

"படேல்லை. நகத்தால சுரண்டிப் பாருங்கோ, உள்ளுக்குப் பச்சை."

அவர் சுரண்டவில்லை. "தெரியும். அந்தப் பொட்டைப் பாத்துக்கொண்டு இருக்க எனக்கு ஏலாமக் கிடக்கு."

வாதாட எனக்குத் தெம்பில்லை. "ஓம், கட்டுங்கோ" என்றேன்.

மேசன் வருமுன் வேலி பூத்துவிட்டது. வெறும் கொம்புகளில், நுனிவரை இளஞ்சிவப்பு. இதில் நான் ஓர் அடையாளமும் தேடவில்லை. வெட்டாத கிளை முற்றினால் பூக்கும், அவ்வளவுதான். ஆனால் இத்தனை வருடமும் நாம் அதில் ஒரு பூவைக்கூடக் கண்டதில்லை. நீங்கள் விடவில்லை.

வேலியை வெட்டி மாதங்களாகின்றன. மதில் என் தலைக்கு மேல் நிற்கிறது. ஆடுகளை அவர் விற்றார். உங்கள் பின்னாலேயே வந்த, ஒருவரும் விலைக்குக் கேட்காத அந்தக் கிழட்டு ஆடு இப்போது என் வளவில். வெட்டிய கதியால்களில் நாலைந்தை, தண்ணீர் ஓடும் இடமாகப் பார்த்துக் கிணற்றடியில் நட்டேன். துளிர்த்துவிட்டன. இன்று காலைதான் முதல் குழை ஒடித்தேன். ஆடு தின்றுவிட்டு இன்னும் கேட்டுக் கத்துகிறது.

நாளைக்கும் ஒடிப்பேன். இதையும் பூக்க விடப்போவதில்லை.