நாற்றுமுடி விழுந்த இடம்

மாப்ள,

இன்று மதியம் கூடத்துக் கணினி சூடேறி, உள்ளே கிடந்த பழைய தூசி காய்கிற வாசனை வந்தது. வெறும் சட்டியில் அரிசி வறுபடுவது போன்ற வாசனை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன். நீ பக்கத்தில் வந்து ஒரு காலை மடித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாய் என்றே தோன்றியது. "எத்தன சதவீதம் மச்சான்?" என்று கேட்பாயே, அதற்காகக் காத்திருந்தேன். கண்ணைத் திறந்தால் உன் மகள் கயல் உட்கார்ந்திருந்தாள். அவளும் ஒரு காலை மடித்துத்தான் போட்டிருந்தாள்.

நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் இப்போது மன்னார்குடியில் கல்லூரி மூன்றாம் ஆண்டு. இன்று விடுமுறை. கைப்பேசியைப் பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, மழையில் நனைந்தபடி வந்தாள். துண்டு கொடுத்தேன். தலையைத் துவட்டாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"மாமா, அப்பா எப்படி நடப்பாருன்னு எனக்கு மறந்துக்கிட்டே வருது. முகம் இருக்கு, குரல் இருக்கு. நடை மட்டும் போயிருச்சு. அம்மாகிட்ட சொன்னா அழுவாங்கன்னு சொல்லல."

உன் வீட்டில் உன் படங்களுக்குக் குறைவில்லை. மாலை போட்டது, பாஸ்போர்ட்டில் இருந்தது, விமான நிலையத்தில் பெட்டியோடு நின்றது. எல்லாவற்றிலும் நீ விறைத்துக்கொண்டு நிற்கிறாய். நீ அசைகிற காட்சி என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதாம். நீ வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியபின் ஒரு சம்பா நடவின்போது, தேய்ந்துபோன பழைய கைப்பேசியில் அவள் எடுத்தது. மொத்தம் இருபது வினாடி. வரப்பு மேல் நாற்றுமுடிகளை, நடவுக்குப் பறித்துக் கட்டிய நாற்றுக் கட்டுகளை, சுமந்து வருகிறாய். ஆனால் வருகிறாய் என்று எப்படிச் சொல்வது? ஒரு கணம் அங்கே இருக்கிறாய், மறுகணம் இங்கே இருக்கிறாய். நடுவில் நடையைக் காணோம்.

"உங்க கம்ப்யூட்டர்ல இத சரியா ஓட வைக்கலாமாமே. அப்பா சொல்லியிருக்காரு."

அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. வளைகுடாவில் பத்து வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவன், மூன்றாம் நாளே என் வீட்டு வாசலில் நின்றாய். சென்ட் வாசனை இன்னும் போகவில்லை. சட்டைப்பையிலிருந்து நகத்தளவு மெமரி கார்டு ஒன்றை எடுத்தாய். என் பையன் படிப்புக்காக வாங்கிய கணினி, அவன் சென்னைக்குப் போனதிலிருந்து பழைய புடவைத் துணியை மூடிக்கொண்டு கிடந்தது. துணியை நீதான் உருவினாய். "நல்ல மெஷின் மச்சான், இதப் போயி தூங்க வச்சிருக்க."

அங்கே உன் அறையில் கூட இருந்தவன் கால்பந்து பைத்தியம் என்றும், திரையில் பந்து விட்டுவிட்டுத் தாவாமல் ஓடுவதற்காக அவன் ஒரு மென்பொருள் வைத்திருந்தான் என்றும் சொன்னாய். அதை என் கணினியில் ஏற்றி, ஒரு சினிமாவை ஓட்டிக் காட்டினாய். எண்ணெய் விட்ட கதவு மாதிரி எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. "டிவி சீரியல் மாதிரி இருக்குடா" என்றேன். உனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று காப்பி குடிக்காமலே கிளம்பிவிட்டாய்.

ஆனாலும் என்னால் உன்னை விட முடியுமா? கூடவே வந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. நீடாமங்கலத்தில் கேட் மூடினால் அரை ஆயுள் போய்விடும் என்பது உனக்கும் தெரியும். சரக்கு வண்டி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில் எதிர்ப்பக்கம் விட்டுவிட்டுத் தெரிந்தது. அங்கே ஒருவர் வேட்டியோடு நின்றார். ஓர் இடுக்கில் வேட்டி கணுக்காலில் இருந்தது. அடுத்த இடுக்கில் முழங்காலுக்கு மேலே இருந்தது. நீ என் கையைத் தட்டினாய்.

"பாத்தியா? நடுவுல என்ன நடந்துச்சு?"

"வேட்டிய மடிச்சுக் கட்டினாரு."

"நீ பாத்தியா?"

"பாக்கல. ஆனா தெரியுதுல்ல."

"அவ்வளவுதான் மச்சான். முன்னாடி இருக்கற படம் தெரியும், பின்னாடி இருக்கற படம் தெரியும். நடுவுல உள்ளத அது ஊகிச்சு வரையுது. இதுல என்னடா சீரியல்?"

மறுநாள் அந்தக் கார்டை நாம் போட்டோம். பத்து வருஷமாக நீ பத்திரப்படுத்தியது. கயல் முதன்முதலில் நடந்ததை உன் வீட்டம்மா யாரோ ஒருவரின் கேமரா கைப்பேசியில் எடுக்கச் சொல்லி, வளைகுடாவுக்குக் கிளம்பியவர் கையில் ஊறுகாய்ப் பொட்டலத்தோடு கொடுத்தனுப்பியது. அதில் குழந்தை தூணைப் பிடித்து நிற்கிறாள். பிறகு கொஞ்சம் தள்ளி நிற்கிறாள். நடுவில் ஓர் இடத்தில் படம் உறைந்து நின்று, பின் சட்டென்று அம்மா கையில் இருக்கிறாள். "எம் புள்ள நடந்தத நான் பாத்ததே இல்ல மச்சான். இங்கயும் அங்கயும் நிக்கிறததான் பாத்திருக்கேன்" என்றாய். அதற்குப் பிறகு நான் சீரியல் என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

அந்த மதியங்கள் எப்படிப் போயின என்று இப்போது யோசித்தால் எல்லாம் ஒரே மதியம் மாதிரி இருக்கிறது. திரையில் சதவீதம் காட்டும் பச்சைக் கோடு நத்தையாக நகரும். மின்விசிறி சுற்றும். நீ பாதித் தூக்கத்தில் பாலைவனத்தில் மழை பெய்த கதையைச் சொல்வாய், நான் பாதித் தூக்கத்தில் உம் கொட்டுவேன். வேலை முடிந்து உன்னை அனுப்ப வாய்க்கால் வரை வருவேன். வெகுநேரம் அதையே பார்த்த கண்ணுக்கு உலகமே மெதுவாகிவிடும். ஒரு கொக்கு இறங்கும். அது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாதபடி இறங்கும். நாம் நின்று பார்த்துவிட்டு அவரவர் வழியில் போவோம்.

ஒருநாள் குழந்தை நடந்தாள். தூணை விட்டுவிட்டு, கையை விரித்துக்கொண்டு, தடையே இல்லாமல் தாயிடம் போய்ச் சேர்ந்தாள். ஓர் இடத்தில் மூன்று கால் தெரிந்தது. அதற்கும் சிரித்தாய். "எம் மூணுகாலி" என்று திரையைத் தொட்டாய். உனக்குக் கண்ணீர் வந்தது, நீ துடைக்கவில்லை. அன்று சாயங்காலமே உன் வீட்டம்மாவையும் அழைத்து வந்தாய். என் தங்கச்சி மாதிரி அவள், என்னிடம் கூச்சம் கிடையாது. முழுதும் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"பின்னாடி தெரியறது நம்ம வயலுதானே? நான் நட்டதுங்க அது. குத்துக் குத்தா நின்னுச்சு. இதுல வெத தெளிச்ச வயலாட்டம் ஒரே பச்சையா கொழைச்சு வச்சிருக்கீங்க."

நீ திரைக்குப் பக்கத்தில் குனிந்து வயலைப் பார்த்தாய். அவள் விடவில்லை.

"அப்புறம், புள்ள இப்படி நடக்கவே இல்ல. ரெண்டடி வச்சா, தொப்புன்னு விழுந்தா. என்னப் பாத்தா. அழலாமா வேணாமான்னு யோசிச்சா. நான் சிரிச்சேன், அவளும் சிரிச்சுக்கிட்டு எழுந்து வந்தா. இதுல எங்க விழுந்தா?"

படம் உறைந்து நின்ற இடத்தில்தான் அவள் விழுந்திருக்கிறாள். மென்பொருளுக்கு அது எப்படித் தெரியும்? முன் படத்தில் நிற்கிறாள், பின் படத்தில் அம்மா கையில் இருக்கிறாள். விழாமலே நடந்தாள் என்று வரைந்துவிட்டது. உனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். நீயோ நாற்காலியைத் தங்கச்சி பக்கம் திருப்பிப் போட்டு, "விழுந்துச்சா? எந்தப் பக்கமா விழுந்துச்சு? கைய ஊனுச்சா?" என்று கேட்க ஆரம்பித்தாய். இருட்டுகிற வரைக்கும் கேட்டாய். போகும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாய்: "பாத்தவ வீட்டுலயே இருக்கறப்ப இந்த மெஷின்கிட்டப் போயி கேட்டேன் பாரு."

அதற்கப்புறம் உன் சட்டம் இரண்டு. ஒன்று, "அசல்ல கை வைக்காத, நகல்ல என்ன வேணா விளையாடு." பட்டா சிட்டாவுக்கு அலைந்த குடியானவன் பேச்சு அது. இன்னொன்று, "படத்த இரட்டிச்சாப் போதும், பேராசப்படாத."

கார்த்திகை மாதக் காலையில் மோட்டார் கொட்டகைப் பக்கம் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது நான் தஞ்சாவூரில் இருந்தேன். வந்து சேர்ந்தபோது வாசலில் கிடத்தியிருந்தார்கள். நீ அசையாமல் இருந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அது போதாதா, அதற்கு முன் பார்த்த ஐம்பது வருஷத்தையும் அது மறைத்துக்கொண்டு நிற்கிறது. கயலுக்கு மறந்துபோனது எனக்கும் மறந்துகொண்டுதான் வந்தது. அவளிடம் அதைச் சொல்லவில்லை. மாமாவாவது ஞாபகம் வைத்திருப்பார் என்று நம்பி வந்த பெண்.

இன்று முதலில் பேராசைப்பட்டேன். வினாடிக்குப் பத்துப் படம் இருந்த காட்சிக்கு அறுபது படம் கேட்டேன். முடிந்ததும் ஓட்டினால், நீ வரப்பில் மிதந்து வந்தாய். பாதம் மண்ணில் படவே இல்லை. சுமந்த முடிகள் உன் தோளோடு கரைந்து ஒட்டிக்கொண்டன. ஓர் இடத்தில் நிறுத்தினேன். அந்த முகம் யாருடையது என்றே தெரியவில்லை. உன் முகத்திலிருந்து உன் முகத்துக்குப் போகிற வழியில் யாரோ ஒருவன். எனக்குப் பயமாகப் போய்விட்டது. இந்தப் பிள்ளை மனசில் மிச்சமிருக்கிற உன்னையும் நான் கெடுத்துவிடுவேனோ என்று தோன்றியது. கயல் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்திருந்தாள்.

"இது அப்பா இல்ல மாமா."

"இல்லம்மா. நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

அழித்தேன். நகலைத்தான். அசலை மூன்று இடத்தில் வைத்துவிட்டுத்தான் தொடங்கியிருந்தேன், அந்த அளவுக்கு உன் பேச்சைக் கேட்டிருக்கிறேன். பிறகு இரட்டிப்பு மட்டும் போதும் என்று போட்டேன். பச்சைக் கோடு நகரத் தொடங்கியது, தூசி வாசனை வந்தது, கண்ணை மூடினேன். நீ வந்து உட்கார்ந்ததாக நினைத்தது அப்போதுதான்.

இந்த முறை அவ்வளவு வழுவழுப்பு இல்லை. கொஞ்சம் தட்டுத்தடுமாறித்தான் ஓடியது. ஆனால் மாப்ள, நீ நடந்தாய். ஈர வரப்பில் கட்டைவிரலை முதலில் ஊன்றி, பிறகு குதிகாலை வைத்தாய். இடது கை கொஞ்சம் விலகி நின்றது. முடி சுமந்த வலது தோள் அடிக்கு அடி ஏறி இறங்கியது.

"அந்தத் தோளு..." என்றாள் கயல். "மாமா, அது அப்பாவா, மெஷின் போட்டதா?"

பள்ளிக்கூடம் போகிற நாளிலிருந்து அந்த வரப்பில் நான் உன் பின்னால்தான் வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் ஏறி இறங்கிய தோள் அது. அப்போது சுமந்தது புத்தகப்பை. அதுவரை எங்கோ போயிருந்த உன் நடை முழுசாக எனக்குத் திரும்பி வந்தது. "அப்பாதாம்மா" என்றேன். "மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது." அவள் அதையே எட்டோ ஒன்பதோ தடவை ஓட்டிப் பார்த்தாள். கடைசித் தடவை நாற்காலியிலிருந்து எழுந்து, கூடத்தில் கட்டைவிரலை ஊன்றி நாலடி நடந்து பார்த்தாள்.

காட்சி முடிகிற இடம் உனக்கு நினைவிருக்கிறதா? வரப்பில் நின்று, ஒரு முடியை எடுத்து கேமராவைப் பார்த்து வீசுகிறாய். சிரிக்கிறாய். முடி உன் கையை விட்டு வெளியே வந்து, வானத்தில், வேரில் சேறு சொட்ட நிற்கிறது. அத்தோடு சரி.

"இதுக்கு மேல அது வரையாதா மாமா? அது விழற வரைக்கும்?"

ரயில்வே கேட்டில் நீ சொன்னதைத்தான் அவளுக்கும் சொன்னேன். முன்னாலும் ஒரு படம் வேண்டும், பின்னாலும் ஒரு படம் வேண்டும். "கடைசிப் படத்துக்கு அப்புறம் அதுக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன். அழப்போகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க எழுந்தேன்.

"எனக்குத் தெரியும் மாமா" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எம் மேலதான் விழுந்துச்சு. மூஞ்சியெல்லாம் சேறு. போன் வாய்க்கால்ல விழப் பாத்துச்சு. நான் கத்துனேன், அப்பா ஓடி வந்தாரு. மூணுகாலி மூணுகாலின்னு சொல்லிக்கிட்டே தொடச்சு விட்டாரு. எந் தலையில ஒரே ஒரு நாத்து ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அத எடுத்து, இத ஏன் வீணாக்கறதுன்னு, அங்கயே வயல் ஓரத்துல குனிஞ்சு நட்டுட்டுப் போனாரு."

தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன். என் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

"எந்த ஓரத்துலம்மா?" என்று கேட்டேன்.