டிஷ்ஷை விட்டுப் போனார்கள்

போர்ட் சூடானில் இருக்கும் உங்களுக்கு,

நானும் குழந்தையும் நலம். இங்கே ஓம்துர்மானில் மாம்பழம் வந்துவிட்டது. ரொட்டிதான் இல்லை.

இணையம் அறுந்தபோது நீங்கள் கலங்கவில்லை. பழைய டிவி டிஷ் போதும், செயற்கைக்கோள் வழியாகப் பேசப் பணக்காரனாக இருக்க வேண்டியதில்லை என்று ரேடியோ கிளப்பில் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் நாம் புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸில் பேசினோம்.

திங்களன்று துப்பாக்கிகளோடு வந்தார்கள். பக்கத்து வீட்டு சித்தனா வாசலை மறித்தாள்.

"ரேடியோவா? இந்த வீட்டு ஆம்பள பக்கத்துல இருக்கறவகிட்டயே பேசமாட்டான். வானத்துகிட்டயா பேசுவான்? போங்கப்பா!"

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். ரேடியோவைத் தூக்கியவன் மோர்ஸ் விசையைத் தட்டிப் பார்த்தான்.

"நல்லாயிருக்கீங்களா அண்ணி? அண்ணன்கிட்டதான் கத்துக்கிட்டேன்."

மாடியில் இருந்த டிஷ்ஷை விட்டுப் போனார்கள். மாவு டப்பாவுக்குள் வைத்திருந்த பழைய ரிசீவரும் தப்பியது. அதில் கேட்க மட்டும்தான் முடியும்.

நேற்று மாலை நீங்கள் அழைத்ததை அதில் கேட்டேன். நம் வீட்டு அழைப்புக்குறியோடு பதில் போனது. எல்லோரும் நலம், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டது. நீங்கள் வெள்ளிக்கிழமை என்றீர்கள். எந்தச் சாலை என்றும் சொன்னீர்கள்.

நான் ரிசீவரைப் பார்த்துக் கத்தினேன்.

இதை ஒரு லாரிக்காரரிடம் கொடுக்கிறேன். வியாழனுக்குள் அங்கே வந்துவிடுவேன் என்கிறார். புறப்படாதீர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தாலும் புறப்படாதீர்கள்.

கையெழுத்தைப் பாருங்கள். இது நான்தான்.

உங்கள் மனைவி