உதடு பட்ட கிண்ணம்

3-2-1965, புதன்

நோட்டில் அரைப் பக்கம் எழுதி முடிப்பதற்குள் ஒரு பானைச் சோறு வெந்துவிடுகிறது. வேகட்டும். அறுபத்திமூன்று வயதில் எழுதப் படிக்கக் கற்றவனுக்கு என்ன அவசரம்?

"அதுல என்னதான் எழுதுதீரு?" என்று என் வீட்டுக்காரி பேராச்சி கேட்டாள்.

"ஒன்னப் பத்தித்தான்."

"அப்பம் ஒரு நோட்டு பத்தாது."

செம்பூர் கெஸ்ட் ஹவுஸில் மேஜைக்குப் பரிமாறுவது என் வேலை. பதினோரு வருஷம் ஆகிறது. டிராம்பே தொழிற்சாலைக்கு இயந்திரம் மாட்ட வந்த ஜப்பான்காரர்கள் ஐந்து பேர் இப்போது அங்கே தங்கியிருக்கிறார்கள். பம்பாயில் மதுவிலக்கு. அவர்களுக்குப் பெர்மிட் உண்டு. குடிப்பது சாக்கே, அரிசி மது. சீசாவை வெந்நீரில் நிறுத்தி, அடியில் விரல் வைத்துச் சூடு பார்த்து நான்தான் ஊற்றுவேன்.

6-2-65, சனி

இன்று பெரிய தவறு செய்துவிட்டேன்.

நிஷிமுரா ஐந்து பேரில் மூத்தவர். அவருடைய அண்ணன் ஊரில் சாக்கே காய்ச்சுகிறவராம். அவர் அனுப்பிய சீசாவை இன்று கொடுத்தார். மேனேஜர் அனந்தநாராயணன், "எப்பவும்போல சுடப்பண்ணு" என்றார். வெந்நீரில் வைக்கப் போனேன். நிஷிமுரா சமையலறைக்கே ஓடி வந்து, "கரம் நஹி, கரம் நஹி", சூடு வேண்டாம் என்று சீசாவைக் கைக்குழந்தை மாதிரி வாங்கிக்கொண்டார். பனிக்கட்டி வாளியில் கழுத்தளவு நிறுத்தினோம்.

அவர்கள் யாரும் தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்ள மாட்டார்கள். எல்லோருக்கும் ஊற்றினேன். நிஷிமுரா குடித்தார். கிண்ணத்தை நீரில் அலசி என்னிடம் நீட்டி, அவரே ஊற்றினார். எனக்கு!

நம் வழக்கப்படி, உதடு படாமல் அண்ணாந்து வாயில் விட்டேன். மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்து நிஷிமுராவைப் பார்த்தேன். அவர் கிண்ணத்தில் வாய் வைக்க எனக்கு அருவருப்பு என்று நினைத்துவிட்டார். முகம் சுருங்கிப்போனது.

மேனேஜர் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனார். "கெஸ்ட்டோட கிண்ணத்துல குடிக்கறயா? பெர்மிட் இருக்கா ஒனக்கு? இனிமே டேபிள் பக்கம் வராதே. பின்னாடி பாத்திரம் அலம்பு. புது ஆள் வரான்."

7-2-65, ஞாயிறு

எச்சில் படக்கூடாது என்றுதானே அண்ணாந்தேன்? மரியாதைதானே அது? மாட்டுங்காவில் நான் வேலைக்குப் போன முதல் வீட்டில் தண்ணீரைக் கையில்தான் ஊற்றினார்கள். அன்றிலிருந்து அடுத்தவர் பாத்திரம் என்றால் என் கழுத்து தானாக அண்ணாந்துவிடும். இந்த மனுஷர் தம் கிண்ணத்தையே கொடுத்தார். நான் என்ன செய்தேன்—

பாத்திரம் அலம்பப் போவேனா? போகமாட்டேன்.

8-2-65, திங்கள்

காலையில் தோட்டத்தில் நிஷிமுராவைப் பிடித்தேன். விளக்கிச் சொல்லப் பாஷை இல்லை. குழாயில் ஒரு தம்ளர் பிடித்து அண்ணாந்து குடித்துக் காட்டினேன். தோட்டக்காரர் தளவாயைக் கூப்பிட்டு அதே தம்ளரைக் கொடுத்தேன்.

"என்னவே, தண்ணி குடிக்கதுக்கும் சாட்சியா?" என்று சொல்லிக்கொண்டே அவரும் அண்ணாந்தார்.

நிஷிமுரா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். சாயங்காலம் அறைக்குக் கூப்பிட்டு அதே கிண்ணத்தில் ஊற்றினார். உதட்டில் வைத்தேன்.

முதலில் மணம். பழுத்த வாழைப்பழம். அதில் பழமே கிடையாதாம், அரிசியும் தண்ணீரும்தான். நாக்கில் மெத்தென்று உட்கார்ந்தது. தாராவியில் காய்ச்சுகிற சரக்கு இறங்கும்போதே அடிக்கும். இது எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை. நாக்கு தேடிக்கொண்டிருந்தது.

இந்தச் சாக்கேயைச் சுடவைத்தால் மணம் போய்விடுமாம். இதற்கு அரிசியைப் பாதியாகும்வரை தீட்டுவார்களாம். விரலால் காட்டினார். வந்து பேராச்சியிடம் சொன்னேன்.

"பாதி அரிசியைத் தள்ளிருதானுவளா? இங்க வந்து ரேஷன் கடையில நிக்கச் சொல்லும்."

10-2-65, புதன்

மேனேஜர் ஒரு காகிதமும் மை டப்பாவும் கொண்டுவந்து வைத்தார். "கைநாட்டு வை."

"படிச்சுட்டு வைக்கேன் சாமி."

படித்தேன். இருபது நிமிஷம் ஆனது. அவர் நின்றுகொண்டே இருந்தார். 'பெர்மிட் இல்லாமல் குடித்து விருந்தினரை அவமதித்தேன். பரிமாறும் வேலையை நானே விட்டுவிடுகிறேன்' என்று எழுதியிருந்தது.

"வைக்க முடியாது."

"போலீஸ்ல சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. ஊத்திக் குடுத்தவரு பேரையும் சேத்துச் சொல்லணும்லா."

மை டப்பாவை மூடினார். பேனாவை வாங்கி அடியில் எழுதினேன்: குடித்தது உண்மை. அவமதித்தது பொய். வேலையை விடமாட்டேன். வெயிலுமுத்து.

கையெழுத்து கொஞ்சம் கோணல். ஆனால் பெரியது.

11-2-65, வியாழன்

சாப்பாட்டு அறைக் கதவருகே துண்டைத் தோளில் போட்டு நின்றேன். நாள் முழுவதும்.

12-2-65, வெள்ளி

நின்றேன். கால் வீக்கம்.

13-2-65, சனி

புது ஆள் பேர் ரோஷன். ஹோட்டலில் பழகியவன். நல்லவன்தான். நிஷிமுராவின் அண்ணன் அனுப்பியதில் இரண்டாவது சீசா. அதை வெந்நீரில் வைக்கப் போனான். கதவிலிருந்தே வேண்டாம் என்றேன்.

"நீ பேசாதே" என்றார் மேனேஜர். "சாக்கேன்னா சூடுதான். அன்னிக்கு அவருக்கு ஏதோ கோளாறு."

நிஷிமுரா சூடான கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார். குடிக்காமல் வைத்தார். மற்ற நால்வரும் வைத்தார்கள். மேனேஜரைப் பார்த்து, "வெயிரு?" என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

தேட வேண்டியிருக்கவில்லை. நான் அங்கேதான் நின்றேன்.

20-2-65, சனி

கம்பெனியின் பெரிய தலைவர் ஜப்பானிலிருந்து வந்திருந்தார். பன்னிரண்டு பேருக்கு விருந்து. சூப்பும் மீனும் ரோஷன். சாக்கே மறுபடியும் நான்.

சமையலறையில் நிஷிமுரா தம் கையால் ஒரு கிண்ணம் ஊற்றி என்னிடம் நீட்டினார். உதட்டில் வைத்துப் பார்த்தேன். பனிக்கட்டி அதிகமாகிவிட்டது, மணம் எழும்பவில்லை.

மேனேஜர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெர்மிட் பற்றிப் பேசவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார்.

"பத்து நிமிஷம் வெளிய இருக்கணும் சாமி."

கடிகாரத்தைப் பார்த்தார். கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனார். பன்னிரண்டு பேரையும் இன்னும் பத்து நிமிஷம் பொறுக்கச் சொல்வது கேட்டது.