நேலேவுக்கான ஸ்பிரிங்

ஏப்ரல் 14, ஞாயிறு

நேலே வண்டியைக் கேட்டுவிட்டாள். என் முழங்கால் போனதிலிருந்து இரண்டு வருஷமாக ஷெட்டில் போர்வை போர்த்திக் கிடக்கிற, மணல் தடத்தில் நான் ரேஸ் ஓட்டிய மோட்டார் சைக்கிள். "நீதான் இனிமே மணல்ல எறங்கப்போறதில்லையே க்ரீட், துருப்பிடிக்கறதுக்குப் பதிலா நான் ஓட்டறேனே." பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டாள். ஒரே தங்கை, என்னைவிட ஒன்பது வயது சின்னவள், அவள் கேட்டு எதை இல்லை என்றிருக்கிறேன்? எடுத்துக்கோ என்றேன். சமையலறையிலிருந்து என் கணவன் ப்ராம் எட்டிப் பார்த்தான். கட்டிக்கொண்டு பத்து வருஷமாகிறது, அந்தப் பார்வை எனக்குப் புரியும். 'நிஜமாத்தான் குடுக்கறியா?'

ஏப்ரல் 20

சஸ்பென்ஷனை அவளுக்கு ஏற்ற மாதிரி மாற்றவேண்டும். நான் எண்பத்தொன்று, அவள் ஐம்பத்தாறு கிலோ. இப்போது உள்ளே இருப்பது என் எடைக்கான கெட்டி ஸ்பிரிங். நானும் இவளைப்போல் ஒல்லியாக இருந்த காலத்தில் போட்டிருந்த மெல்லிய ஸ்பிரிங் பழைய ஜெர்சியில் சுற்றி, மேல் தட்டில், பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. அரை நாள் வேலை. செய்துவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 27

ஸ்பிரிங்கை மாற்றவில்லை. அதன் மேலிருக்கும் வளையத்தை மட்டும் தளர்த்தினேன். ப்ராம் வண்டியைப் பிடித்துக்கொள்ள, நேலே பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறினாள். நான் டேப்பை வைத்து அளந்தேன். ஆள் ஏறினால் பின்பக்கம் நூற்றைந்து மில்லிமீட்டர் இறங்கவேண்டும். தளர்த்தித் தளர்த்தி நூற்றைந்தையே கொண்டுவந்துவிட்டேன். "நூத்தஞ்சு! கச்சிதம்!" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினாள்.

இன்னொரு எண் இருக்கிறது. ஆள் ஏறாமல் வெறும் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்பது. முதல் எண்ணை எப்படியாவது வரவழைத்துவிடலாம், ஸ்பிரிங் ஆளுக்குப் பொருந்துகிறதா என்பதை இரண்டாவதுதான் காட்டிக்கொடுக்கும். அதை நான் அளக்கவில்லை. பசிக்குது, உருளை வறுவல் விக்கற ஃப்ரைட் கடை மூடிடும் என்று நேலே அவசரப்படுத்தினாள். அதுதான் காரணம் என்று எழுதி வைக்கிறேன்.

மே 5, ஞாயிறு

மணல் தடத்தில் நேலேவின் முதல் நாள். ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். முட்டி வலித்தது. நாலாவது சுற்றில் என் பழைய நேரத்தைவிட இரண்டு வினாடிதான் அதிகம். நான் ஏழு வருஷம் உருண்டு புரண்டு எடுத்த நேரம் அது!

இறங்கி வந்தவள் சொன்னாள்: "பின்பக்கம் உதைக்குது க்ரீட். மேடு ஏறி எறங்கும்போதெல்லாம் கழுதை மாதிரி தூக்கி எறியுது."

கேன்டீன் வாசலில் எல்லோர் முன்னாலும் நான் சொன்ன பதில்: "வண்டி உதைக்கல. நீ பயந்துபோய் ஆக்சிலேட்டரை விடறே. முட்டியால வண்டியைக் கவ்விப் பிடி, பயந்தாங்கொள்ளி."

சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள், காது மட்டும் சிவந்துபோயிற்று.

மே 12

மழை. ஸ்பிரிங் அதே இடத்தில். நானும்.

மே 26

"இன்னும் உதைக்குது" என்றாள். போன தடவை சொன்னதையே சொன்னேன். தலையாட்டிவிட்டு மறுபடி மணலில் இறங்கினாள். இவள் ஏன் என்னை நம்புகிறாள்?

வீட்டுக்கு வந்ததும் ப்ராம், "அந்த ஸ்பிரிங்கை மாத்தித் தொலையேன்" என்றான். எனக்கு எங்கே நேரம் என்று எரிந்து விழுந்தேன். நேரமில்லாத நான் நேற்று ஜன்னல்களை இரண்டு தடவை துடைத்தேன்.

ஜூன் 16

நேலே விழுந்துவிட்டாள். மூன்றாவது மேட்டில் பின்பக்கம் எழும்பி, ஹேண்டில்பாருக்கு மேலே போய் — நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. வலது. கத்தரி பிடிக்கிற கை. அவள் முடிவெட்டும் கடை திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னதுதான் சரி. பயத்துல ஆக்சிலேட்டரை விட்டுட்டேன்" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லை"ன்னேன். அட பாவி! என் தப்புக்கு அவளை மன்னிச்சுட்டு வந்திருக்கேன்.

ஜூன் 22

வெறும் வண்டியை அளந்தேன். ஐம்பத்தெட்டு. முப்பத்தைந்திலிருந்து நாற்பதுக்குள் இருக்கவேண்டியது. ஸ்பிரிங் அவளுக்கு ரொம்பக் கெட்டி என்பதற்கு அத்தாட்சி. ப்ராம் டேப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், காபி போட உள்ளே போய்விட்டான்.

ஜூலை 14

அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. மாவுக்கட்டுக் கையோடு இடது கையால் உருளைக்கிழங்கைக் குத்திக்கொண்டு நேலே சொன்னாள்: "எனக்கு இந்த மணல் ஒத்துவராதும்மா. அதுக்கு தைரியம் வேணும், அது க்ரீட்டுக்குத்தான் இருக்கு." அம்மாவுக்கு ஒரே நிம்மதி. நேலே தன் ஹெல்மெட்டைப் பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிடப் போகிறாளாம்.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் ஸாஸ் வேணுமா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 24

கட்டுப் பிரித்து இரண்டு வாரமாகிறது. "யாராவது தலையைக் குடுத்தாத்தானே கை பழகும்? நீ வா. கோணலாப் போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை" என்று கூப்பிட்டாள். போய் உட்கார்ந்தேன். துண்டைப் போர்த்தி, தண்ணீர் தெளித்து, இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். கண்ணாடியில் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாலு வெட்டுக்கும் நிறுத்தி மணிக்கட்டை உதறிக்கொண்டாள். வலிக்குதா என்றேன். "நான் பயந்ததுக்கு எனக்கு வேணும்" என்றாள்.

அதற்குமேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். கெட்டி ஸ்பிரிங், வளையம், அளக்காமல் விட்ட எண், தட்டில் சும்மா கிடந்த மெல்லிய ஸ்பிரிங். எல்லாம்.

கத்தரி நின்றது.

"தெரிஞ்சேவா செஞ்சே?"

"தெரிஞ்சேதான்."

"எதுக்கு?"

"முதல்ல வண்டியைக் குடுக்கவே மனசில்லை. அப்புறம் நீ என் நேரத்துக்குக் கிட்ட வந்துட்டே."

"ஆம்புலன்ஸ்ல உன் கையைப் புடிச்சுட்டுத்தானேடி வந்தேன்?" என்றாள். பிறகு துண்டை உருவினாள். "எந்திரி. போ."

இடது பக்கம் காதுவரை, வலது பக்கம் தோள்வரை. அப்படியே பஸ்ஸில் வந்தேன். எதிர் சீட்டுப் பெண்மணி இறங்கும்வரை என் தலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

செப்டம்பர் 15

ப்ராம் கத்தரியோடு வந்தான். "நானே சமமாக்கிடறேன், வெளியே தலைகாட்டவேணாமா?" வேண்டாம் என்றேன். ஆபீசில் புது ஸ்டைலா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.

நேலே போனை எடுப்பதில்லை.

அக்டோபர் 6

ஸ்பிரிங்கை மாற்றினேன். தனியாக. ஜெர்சியைப் பிரித்தபோது ஸ்பிரிங்கில் ஒரு புள்ளித் துருகூட இல்லை. காலை எட்டுக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டரைக்குள் முடிந்துவிட்டது. இவ்வளவுதான் வேலை, இவ்வளவேதான். 'மாத்திட்டேன்' என்று அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு

காலையில் ஷெட் கதவைத் தட்டும் சத்தம். நேலே. ஹெல்மெட், பூட்ஸ், மார்புக் கவசம், எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றாள். பழைய சாமான் கடைக்கு ஹெல்மெட் போகவில்லை போல. குட் மார்னிங்கூட இல்லை.

"அள. ரெண்டு எண்ணும்."

ப்ராம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரொட்டியோடு ஓடிவந்து வண்டியைப் பிடித்தான். நான் டேப்பை வைத்தேன். "நூற்று நாலு" என்றேன். அவள் நம்பவில்லை. ஏறி உட்கார்ந்துகொண்டு அவளே அளக்க முடியாது, ப்ராமை நம்பலாம். டேப்பை அவனிடம் கொடுக்கச் சொன்னாள். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டேன். நூற்று நாலுதான். இறங்கி, வெறும் வண்டிக்கு அவளே குனிந்து டேப்பைப் பிடித்தாள். அந்த மணிக்கட்டு இன்னும் முழுசாக மடங்கவில்லை.

"முப்பத்தெட்டு" என்று அவளே வாய்விட்டுப் படித்தாள்.

பிறகு ட்ரெய்லரைப் பின்னால் கொண்டுவந்தாள். "இனிமே வண்டி என் வீட்லதான் இருக்கும்." வண்டியை அதில் ஏற்றியதும் நான் பெல்ட்டை இறுக்கப் போனேன், "வேணாம், ப்ராம் பாத்துக்குவான்" என்றாள். காரில் ஏறும்போதுதான் என் தலையைப் பார்த்தாள். "ஐயோ, இன்னும் அப்படியேவா வச்சிருக்கே?" சிரிக்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

தடத்தில் இன்று குளிர்காலப் பயிற்சி. நான் போகவில்லை, அவள் கூப்பிடவும் இல்லை. மூன்று மணிக்கு நேலேவிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"உதைக்கல."

முதலில் சந்தோஷம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயப்படவே இல்லை. மே மாதத்திலும் இல்லை, ஜூனிலும் இல்லை. எனக்கு அன்றைக்கே தெரிந்தது, அவளுக்கு இன்றைக்குத்தான் நிச்சயமாகத் தெரிகிறது. ஏழு மாதம் தன்னைக் கோழை என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், என் தங்கை.

என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொன்று வந்தது.

"செவ்வாய் நாலு மணிக்குக் கடைக்கு வா. வலது பக்கமும் வெட்டணும். நீ வாயைத் திறக்கக்கூடாது."

செவ்வாய் மதியத்துக்கு லீவு சொல்லிவிட்டேன்.