எட்டாத ஆரஞ்சுப் பொத்தான்

என்னங்க,

கோட்டுச்சேரிக்கு அக்கா வீட்டுக்குப் போகிறேன். மத்திக் குழம்பு அடுப்படியில் இருக்கிறது. சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

நேற்று கோபத்தில் பீரோ மேல் நீங்கள் தூக்கி வைத்த வீடியோ கேம் கிட்டாரை நான்தான் இறக்கினேன். "மீன்பிடித் தடைக்காலம்னா வலையப் பாக்காம, டிவி முன்னாடி பொம்ம கிட்டாரு என்ன வேண்டிக்கெடக்கு?" என்று நேற்று உங்கள் தம்பி மணிவேல் எதிரில் நான் கேட்டிருக்கக் கூடாது.

இன்று தனியாக விளையாடிப் பார்த்தேன். டிவியில் வருகிற நிறம் பார்த்துப் பொத்தானை அழுத்தினால், தந்திக்குப் பதிலாக இருக்கிற கட்டையைத் தட்ட மறந்துபோகிறது. ஆரஞ்சுப் பொத்தானுக்குச் சுண்டுவிரல் எட்டவே இல்லை. பாதிப் பாட்டிலேயே டிவியில் இருக்கிற கூட்டம் கூச்சல் போட்டு என்னை மேடையை விட்டு இறக்கிவிட்டது. வீட்டில் யாருமில்லை, ஆனாலும் கூசிப்போய்விட்டேன். நேற்று நான் அப்படிக் கேட்டபோது உங்களுக்குத் தம்பியே எதிரில் உட்கார்ந்திருந்தார்.

தட்டுகிற கட்டை இறுக்கமாக இருக்கிறதென்று தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். இப்போது பொத்தானெல்லாம் பிசுபிசுக்கிறது. திட்டாதீர்கள்.

பூங்கொடி

பின்குறிப்பு: குழம்பு அடிப்பிடித்ததும் இந்த விளையாட்டால்தான். எண்ணெயைத் துடைத்து வையுங்கள். சாயங்காலம் வந்துவிடுவேன், மணிவேலைக் கூப்பிடுங்கள், அவர் எதிரிலேயே நான் தோற்றுக் காட்டுகிறேன்.